பரு போச்சு, குழி போகலையே: ஜொகூர் பாருவில் தழும்பு சிகிச்சைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சனிக்கிழமை காலை ஜொகூர் பாலத்தைக் கடந்து வரும் கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கார் கழுவ ஒருவர், பல் டாக்டரைப் பார்க்க ஒருவர், முடி வெட்ட ஒருவர், மளிகை வாங்க ஒரு குடும்பம். கடந்த சில ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: முகத்துக்கு லேசர். சிட்டி ஸ்குவேரைச் சுற்றிய தெருக்கள், கே.எஸ்.எல். பக்கம், தாமான் பெலாங்கி, மவுண்ட் ஆஸ்டின், சவுத்கீ என எங்கே திரும்பினாலும் 'ஸ்கின்', 'ஏஸ்தெட்டிக்', 'டெர்மா' என்ற பெயர்ப் பலகைகள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது இந்தக் கூட்டம் வரத்தான் செய்யும்.

உள்ளூர்க்காரர்களும் குறைவில்லை. மாசாய், ஸ்கூடாய், தம்போய், உலு திராம் பக்கத்திலிருந்து விடியற்காலை மோட்டார் சைக்கிளில் கிளம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பாருங்கள். ஹெல்மெட் பட்டை தாடையில் உரசுகிறது, வியர்வை, புகை, திரும்பி வரும்போது வெயில். இருபது வயதில் வந்த பரு முப்பதில் போய்விட்டாலும் கன்னத்தில் குழி நிற்கிறது. கல்யாணத் தேதி குறித்ததும் வீட்டில் யாராவது சொல்வார்கள்: "எங்காச்சும் போய் அந்த மூஞ்சிய சரி பண்ணிக்கப்பா."

போகலாம், தப்பில்லை. ஆனால் எதற்காகப் போகிறோம், யாரிடம் போகிறோம் என்று தெரியாமல் போனால், குழியோடு போனவர் குழியும் கறுப்புமாகத் திரும்பி வர வாய்ப்பு உண்டு. நம் தோலுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

முதலில், அது தழும்பா, கறையா?

கிளினிக் வாசலில் நிற்கும் பாதிப் பேர் 'தழும்பு' என்று சொல்வது தழும்பே அல்ல. பரு ஆறிய இடத்தில் தோல் சமமாகத்தான் இருக்கும், நிறம் மட்டும் கறுத்திருக்கும். இது வீக்கத்துக்குப் பின் வரும் கருமை. பரு வீங்கியபோது அங்குள்ள நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு அளவுக்கு மீறி மெலனினைக் கொட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். இதற்கு ஊசியும் வேண்டாம், தோலைச் சுடவும் வேண்டாம். வெயில் படாமல் பார்த்துக்கொண்டு, டாக்டர் எழுதித் தரும் களிம்பைப் பூசினால் சில மாதங்களில், ஆழமாக இருந்தால் ஓராண்டு அல்லது அதற்கு மேலும் எடுத்துக்கொண்டு, மங்கும்.

உண்மையான தழும்பு வேறு. பரு ஆழமாக வீங்கும்போது தோலின் கீழ் அடுக்கில் இருக்கும் கொலாஜன் இழைகள் சிதைகின்றன. அதை உடல் சரியாக நிரப்பாவிட்டால் குழி விழுகிறது. அளவுக்கு மீறி நிரப்பினால் மேடு வருகிறது. முகத்தில் குழிதான் அதிகம். தாடை, மார்பு, தோள்பட்டை ஆகிய இடங்களில் மேடு வருவதும் உண்டு.

ஓர் எளிய சோதனை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். நிழல் விழுந்தால் குழி. நிழல் இல்லாமல் கறுப்பு மட்டும் தெரிந்தால் கறை. விளம்பரத்தில் வரும் 'முன்–பின்' படங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். முதல் படத்தில் பக்கவாட்டு வெளிச்சம், இரண்டாவதில் நேர் வெளிச்சம் என்றால், சிகிச்சையே செய்யாமல் பாதி குழி மறைந்துவிடும்.

குழிகளிலும் மூன்று விதம். 2001-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் முன்வைத்த இந்தப் பிரிவைத்தான் உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஊசியால் குத்தியதுபோல் குறுகலாக, ஆழமாக, 2 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் இருப்பது ஒன்று. அம்மைத் தழும்பு போல் ஓரம் செங்குத்தாக, அடி தட்டையாக இருப்பது இன்னொன்று. மூன்றாவது, 4, 5 மில்லிமீட்டர் அகலத்தில் ஓரமே தெரியாமல் மேடும் பள்ளமுமாக அலை போல் ஓடுவது. இதில் தோலின் அடிப்பக்கத்தை நார்கள் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்? மூன்றுக்கும் சிகிச்சை வேறு. ஒரே முகத்தில் மூன்றும் கலந்திருப்பதுதான் வழக்கம். அதனால், உங்கள் முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து 'பத்து செஷன் பேக்கேஜ்' விலை சொல்பவரிடம் ஒரு கணம் நின்று யோசியுங்கள்.

நம் தோலில் என்ன பிரச்சனை?

பிரச்சனை தோலில் இல்லை. அதைக் கணக்கில் எடுக்காமல் மிஷினை இயக்குவதில் இருக்கிறது.

ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து ஒரு வகைப்பாடு செய்தார். முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான். பழுப்பு, கறுப்புத் தோல்களுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகுதான் சேர்ந்தன. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவார்கள். இந்தத் தோல் வெயிலைத் தாங்கும், சுருக்கம் தாமதமாக விழும், தோல் புற்றுநோய் ஆபத்தும் குறைவு. ஆனால் எந்தக் காயத்துக்கும் அது கறுத்துத்தான் பதில் சொல்லும். பரு ஒரு காயம். லேசரும் ஒரு காயம்தான், வேண்டுமென்றே கணக்காகச் செய்யும் காயம்.

இங்கே இரண்டு விதமான ஆபத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில கருவிகளின் ஒளி மெலனினையே தேடிப் போகும். முடி நீக்கவும் நிறத்தைச் சமமாக்கவும் அழகு நிலையங்களில் அதிகம் புழங்கும் ஐ.பி.எல். அப்படிப்பட்டது. கறுத்த தோலில் மெலனின் மேலடுக்கிலேயே நிறைய இருப்பதால் ஒளி முழுவதும் அங்கேயே சூடாகி, தோல் வெந்துவிடலாம். கன்னத்தில் கட்டம் கட்டமாக, அச்சு குத்தியதுபோல் தீக்காயம் விழுவது இப்படித்தான்.

கார்பன் டை ஆக்சைடு, எர்பியம் லேசர்கள் வேறு ரகம். அவை தோலில் இருக்கும் தண்ணீரைத் தேடிப் போகின்றன. அதனால் நிறம் ஒரு பொருட்டல்ல என்று சிலர் சொல்லக்கூடும். அது பாதி உண்மை. ஒளி நிறத்தைப் பார்க்காது, ஆனால் ஆறும்போது தோல் கறுக்கும். அந்தக் கருமை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். சக்தியைக் குறைத்து, புள்ளிகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டி, செஷன்களைத் தள்ளித் தள்ளி வைத்து, அனுபவமுள்ள டாக்டர்கள் இதைச் சமாளிக்கிறார்கள். நேரம் எடுக்கும். 'ஒரே செஷனில் பளிச்' என்பது நமக்கான வாக்குறுதி அல்ல.

இன்னொன்று, காதுகுத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ அறுவை செய்த இடத்திலோ உங்களுக்கோ உங்கள் அப்பா அம்மாவுக்கோ தழும்பு தடித்து வளர்ந்திருக்கிறதா? அதுதான் கெலாய்டு. கறுத்த தோல்காரர்களுக்கு இது அதிகம் வரும். இருந்தால் முதல் வார்த்தையாக அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

அப்போ என்னதான் செய்வார்கள்?

முதல் விதி: பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் தழும்பில் கை வைக்கக்கூடாது. ஓட்டை அடைக்காமல் வாளியில் தண்ணீர் நிரப்பும் கதைதான் அது. அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற களிம்புகளோ, டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையோ, கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினோயினோ முதலில் வேலை செய்ய வேண்டும். அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த களிம்பு பருவை மட்டுமல்ல, புதிதாகத் தழும்பு உருவாவதையும் குறைப்பதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடும் பெண்கள் கர்ப்பமாகக்கூடாது. கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகள் வரும், நிறுத்தி ஒரு மாதம் வரை அந்தக் கட்டுப்பாடு தொடரும். இந்த மாத்திரையை டிக்டாக்கில் கண்டு ஆன்லைனில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகாமல் முகத்தில் எதுவுமே செய்யக்கூடாது என்றுதான் முன்பு சொல்வார்கள். 2017-இல் அமெரிக்கத் தோல் அறுவை மருத்துவர்களின் நிபுணர் குழு அந்தப் பழைய விதியைத் திரும்பப் பார்த்து, மேலோட்டமான பீலிங், சில வகை லேசர்களுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்றது. தோலைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சைக்கும் முழு அடுக்கையும் எரிக்கும் லேசருக்கும் எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. எதுவானாலும் அந்த மாத்திரை சாப்பிட்ட விஷயத்தை மறைக்காதீர்கள்.

பரு அடங்கிய பிறகு தழும்புக்கு வருவோம். ஊசிக்குத்துபோல் இருக்கும் ஆழக் குழிக்கு லேசர் அவ்வளவாக உதவாது. அதன் அடிவரை ஒளி போய்ச் சேராது. அங்கே ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைக் கடுமையான அடர்த்தியில், பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு, குழிக்குள் மட்டும் வைப்பார்கள். சில நொடிகளில் அந்தப் புள்ளி வெளுக்கும், பிறகு பொருக்கு கட்டி உதிரும், உள்ளே புதிய கொலாஜன் வளரும். 2002-இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட இந்த முறையில் மிஷினே கிடையாது. செலவு குறைவு, கை நிதானம்தான் எல்லாம். அமிலம் ஓரத்தில் வழிந்தால் குழி அகலமாகிவிடும், அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகும். நம் தோலுக்கு அடர்த்தியைக் குறைத்துத் தொடங்குவது நல்லது. இதே அமிலம் ஆன்லைன் கடைகளில் புட்டியில் கிடைக்கிறது என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. வீட்டில் தொடவே தொடாதீர்கள்.

அலைபோல் இருக்கும் பள்ளத்துக்கு மேலே எதைத் தடவினாலும் பிரயோஜனம் இல்லை. கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நாரை அறுத்துவிட வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் ஓர் ஊசியையோ மெல்லிய குழாயையோ செலுத்தி அந்த நார்களை அறுக்கிறார்கள். சப்சிஷன் என்பது இதன் பெயர். ஒன்று இரண்டு வாரம் கன்னம் நீலம் பாரித்துக் கிடக்கும். அடுத்த வாரம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இதற்குப் போகக்கூடாது. அறுத்த இடம் மறுபடி ஒட்டாமல் இருக்கச் சிலருக்கு ஃபில்லரும் போடுவார்கள். ஃபில்லர் தவறிப்போய் ரத்தக் குழாய்க்குள் நுழைந்தால் அந்தப் பகுதித் தோல் செத்துப்போகலாம், அரிதாகக் கண் பார்வையே போகலாம். 'சும்மா ஒரு ஊசிதானே' என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வையுங்கள்.

செங்குத்து ஓரமுள்ள குழிகளில் ஆழம் குறைந்தவற்றுக்கு லேசரும் நுண்ணூசியும், ஆழமானவற்றுக்கு அந்தக் குழியையே வட்டமாக வெட்டி எடுத்துத் தைப்பதும் உண்டு.

நுண்ணூசி, அதாவது மைக்ரோநீட்லிங், நம் தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்று கருதப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. மேல்தோலை அது உரிப்பதோ எரிப்பதோ இல்லை, ஆயிரக்கணக்கான சிறு துளைகள் மட்டும் போடுகிறது. ஆறுவதும் வேகம், கறுக்கும் வாய்ப்பும் குறைவு. தழும்புக்குப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை போவார்கள். மாதம் ஒருமுறை வீதம் மூன்று முதல் ஆறு தடவை. பலன் உடனே தெரியாது. கொலாஜன் வளர மாதக் கணக்கு ஆகும். ஷாப்பியில் வாங்கும் உருளையில் இருக்கும் குட்டி ஊசி குழியின் அடியைத் தொடாது. நீள ஊசி உள்ள உருளை தொடும், கூடவே குளியலறையில் இருக்கும் கிருமியையும் உள்ளே கொண்டுபோகும்.

ஊசியோடு ரேடியோ அலை வெப்பத்தைச் செலுத்தும் கருவிகளும் வந்துவிட்டன. ஜொகூர் பாருவின் விளம்பரப் பலகைகளில் இப்போது அதிகம் தென்படுவது இதுதான். நல்ல கையில் நல்ல கருவி. ஆனால் 2025 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த ரகக் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. தீக்காயம், தழும்பு, முகக் கொழுப்பு கரைதல், நரம்பு பாதிப்பு என்று புகார்கள் வந்திருப்பதாகவும், இது வீட்டில் செய்யும் அலங்காரம் அல்ல, மருத்துவ சிகிச்சை என்றும் சொன்னது.

ஃபிராக்ஷனல் லேசர் 2004-இல் போஸ்டனில் முன்வைக்கப்பட்ட யோசனை. முழுத் தோலையும் எரிக்காமல், சல்லடை போல் புள்ளி புள்ளியாக எரித்து இடையில் நல்ல தோலை விட்டுவைப்பது. அந்த நல்ல தோலிலிருந்து காயம் சீக்கிரம் ஆறுகிறது. இதற்கு முன்பு இருந்த முழு அடுக்கு லேசர்களை நம் நிறத்தில் யோசித்துக்கூடப் பார்க்க முடியாது. உதட்டோரம் அடிக்கடி அக்கி வரும் ஆட்கள் லேசருக்கு முன் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே மாத்திரை தராவிட்டால் முகம் முழுக்கப் பரவலாம்.

எது செய்தாலும் தழும்பு நூறு விழுக்காடு போகாது. குழி ஆழம் குறையும், ஓரம் மழுங்கும், மேக்கப் சீராக உட்காரும். நேர்மையான டாக்டர் இதை முதல் நாளே சொல்வார்.

யார் செய்யலாம்?

செய்தி அறைக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

மலேசியாவில் தோலைத் துளைக்கும், எரிக்கும், உள்ளே எதையாவது செலுத்தும் சிகிச்சையைப் பதிவுபெற்ற மருத்துவர் மட்டுமே செய்யலாம். அழகுக்கலைச் சான்றிதழ் வைத்திருப்பவர் செய்யக்கூடாது. கொரியாவிலோ பாங்காக்கிலோ மூன்று நாள் பயிற்சி எடுத்த சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தாலும் சரி. மருத்துவராக இருப்பது மட்டும் போதாது. தோல் நிபுணரோ பிளாஸ்டிக் அறுவை நிபுணரோ அல்லாத பொது மருத்துவர் அழகியல் சிகிச்சை செய்ய, சுகாதார அமைச்சின் தனி அனுமதிக் கடிதம் வேண்டும். இதை எல்.சி.பி. என்பார்கள். அமைச்சின் 2013 வழிகாட்டி, அவர்கள் எவற்றைச் செய்யலாம் என்று பட்டியலே போட்டிருக்கிறது. எல்.சி.பி. உள்ளவர்களின் பெயர்களை அமைச்சின் இணையத்தளத்தில் பார்க்கலாம். மருத்துவரின் பெயரும் அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழும் மலேசிய மருத்துவ மன்றத்தின் தேடுபொறியில் கிடைக்கும். நிபுணர் என்று சொல்லிக்கொண்டால் தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். கைப்பேசியில் ஐந்து நிமிட வேலை.

மருத்துவர் ஒரு பக்கம், இடம் இன்னொரு பக்கம். கிளினிக் 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தும் தனிநபருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனம் என்றால் 5 லட்சம் ரிங்கிட் வரை. ஹோட்டல் அறையிலோ கொண்டோமினியத்திலோ வீட்டு முன்னறையிலோ நடக்கும் சிகிச்சை எவ்வளவு 'மலிவாக' இருந்தாலும் அது இந்தச் சட்டத்துக்கு வெளியே நடப்பதுதான். கிளினிக் விளம்பரத்தில் கே.கே.எல்.ஐ.யு. என்று தொடங்கும் அனுமதி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மருந்து விளம்பர வாரியம் கொடுப்பது.

மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் இரண்டு சம்பவங்கள். 2020 அக்டோபரில் கோலாலம்பூர், செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட 23 வயதுப் பெண் உயிரிழந்தார். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில், சொந்த ரத்தத்தைப் பிரித்தெடுத்து நுண்ணூசியால் முகத்தில் செலுத்தும் 'வாம்பயர் ஃபேஷியல்' செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018-இல் தொடங்கிய அந்த விசாரணையின் முடிவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் வெளியிட்டது. தழும்புக்குச் செய்யும் அதே ஊசி வேலைதான் அதுவும். உங்கள் கண்முன்னே புது ஊசிமுனையின் உறையைப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை.

களிம்புகளுக்கும் ஒரு பத்தி

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது பாசார் மாலாமில் ஒரு டப்பா கிரீம் வாங்கினேன். லேபிளில் எதுவும் ஒழுங்காக எழுதியிருக்கவில்லை. இரண்டே வாரத்தில் முகம் பளபளத்தது, வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். நிறுத்தியதும் நெற்றி முழுக்கப் பரு வெடித்தது. அதன் குழிகள் இன்னும் என் இடது கன்னத்தில் இருக்கின்றன. ஸ்டீராய்டு கலந்த கிரீம் அப்படித்தான் செய்யும் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்த அழகுப் பொருள்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிடுகிறது. ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினோயினும் டாக்டர் கண்காணிப்பில் நல்ல மருந்துகளே. ஹைட்ரோகுயினோனைக் கண்காணிப்பில்லாமல் ஆண்டுக்கணக்கில் பூசினால், வெளுக்க வேண்டிய தோல் நீலக்கறுப்பாகி நிரந்தரமாக நிற்கலாம். அழகுப் பொருள் என்றால் 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் எண்ணும், மருந்து என்றால் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அழகுப் பொருளின் எண், விற்பவர் அறிவிப்புக் கொடுத்திருக்கிறார் என்பதற்கு மட்டுமே அடையாளம். 'அமைச்சு சோதித்து அங்கீகரித்தது' என்று விற்பவர் சொன்னால் அது அதிகப்படி.

பாட்டி வைத்தியத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அதில் உள்ள ஒரு வேதிப்பொருள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கிக் கறுக்க வைக்கும்.

எவ்வளவு ஆகும்?

ஜொகூர் பாருவில் விலை கிளினிக்குக்கு கிளினிக் ரொம்பவே மாறும் என்பதால் ஒரு தொகையைச் சொல்வது சரியாக இருக்காது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு செஷனுக்கு எவ்வளவு என்பதல்ல, மொத்தம் எத்தனை செஷன், இடையில் பக்கவிளைவு வந்தால் அதைப் பார்க்கும் செலவு யாருடையது? பத்து செஷனுக்கு மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். முதல் செஷனுக்குப் பிறகு தோல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க குறைந்தது ஒரு மாதம் வேண்டும். தாடையோரம் ஒரு சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம்.

பணம் இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய்ப் பருவைக் காட்டி, தேவைப்பட்டால் சுல்தானா அமினா மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். அரசாங்க மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் மலேசியர்களுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். காத்திருப்பு நீளமாக இருக்கும். அழகுக்கான லேசர் அங்கே முன்னுரிமையும் அல்ல. ஆனால் பருவை வேரோடு அடக்கும் சிகிச்சை கிடைக்கும். புதுக் குழி விழாமல் தடுப்பதுதான் எல்லாத் தழும்பு சிகிச்சையிலும் மலிவானது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய பெரிய பருவாக வந்தால் 'வயசுக் கோளாறு, தானா போயிடும்' என்று விட்டுவிடாதீர்கள்.

செய்த பிறகு

ஜொகூர் பாரு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் உச்சி வெயில்தான், மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர் வரும். சிகிச்சைக்கு முன் இரண்டு வாரமும் பின் சில மாதங்களும் எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் கட்டாயம். நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நமக்கு இன்னும் நல்லது. அதில் உள்ள இரும்பு ஆக்சைடு, நம் தோலைக் கறுக்கவைக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கிறது, முகமும் சாம்பல் பூத்தாற்போல் தெரியாது. மோட்டாரில் பாலம் தாண்டுபவர்கள் கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டை மட்டும் நம்பாதீர்கள். லேசர் செய்த வாரம் ஹெல்மெட்டே போடாமல் இருக்க முடிந்தால், பஸ்ஸில் போங்கள். பொருக்கைக் கிள்ளாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. சனிக்கிழமை செய்துகொண்டு ஞாயிறு திரும்பிவிடுவீர்கள். கொப்புளம் வருவது திங்கட்கிழமையாக இருக்கலாம். அங்கே பார்க்கும் டாக்டருக்கு எந்தக் கருவி, எந்த அளவில், என்ன அமிலம் என்று எதுவும் தெரியாது. கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன் கருவியின் பெயர், பயன்படுத்திய சக்தி அளவு, மருத்துவர் பெயர் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அடுத்த செஷனுக்கு வராதீர்கள்.

ஏதாவது தவறிவிட்டால் அதே இடத்தில் 'சரி செய்ய' இன்னொரு லேசருக்கு உட்காராமல், முதலில் தோல் நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். உரிமம் இல்லாத கிளினிக் மீதான புகாரை ஜொகூர் மாநில சுகாதார இலாகாவின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கொடுக்கலாம், மருத்துவரின் நடத்தை பற்றியது என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தில். முன்பணம் கட்டிய அழகு நிலையப் பேக்கேஜைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம், மனு பதியக் கட்டணம் 5 ரிங்கிட்.